பீரோவுக்குள்ளே யாருடைய புத்தகம்?



இந்த மாதச் சுவரிதழுக்கு 'நூலகத்தின் பயன்கள்' என்று கட்டுரை கேட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். ஆனா நம்ம பள்ளி நூலகத்தால் எனக்கு இதுவரைக்கும் ஒரு பயனும் இல்லை என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அதை யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நானே ஒரு தலைப்பு வைத்துக்கொண்டேன். இடம் பத்தாது என்று இரண்டு சார்ட் ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து கடைசியில் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம நூலகம் எதுவென்று புதிதாக வந்த ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குத் தெரியாது. ஹெச்.எம். சார் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு பச்சை பீரோ நிற்கிறதே, அதுதான். பலபேர் அதில் சத்துணவுப் பாத்திரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தவேண்டி வந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி அடுக்கும் வேலை எங்கள் நான்கு பேருக்குக் கிடைத்தது. அடுக்கும்போதே எண்ணினோம். மொத்தம் 212 புத்தகம்.

அதில் என்ன இருந்தது தெரியுமா? ஒரே தலைவரின் வாழ்க்கை வரலாறு, ஒரே பதிப்பு, 14 பிரதி. பொது அறிவு வினா விடை, பழைய போட்டித் தேர்வு கைடு ஒரு தட்டு முழுக்க. அதில் ஒன்றில் தமிழ்நாட்டில் 29 மாவட்டம் என்று போட்டிருக்கிறது. இப்போது 38. அதைப் படித்துப் பரீட்சை எழுதினால் முட்டைதான். காளான் வளர்ப்பு, கறவை மாடு பராமரிப்பு. ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் 'எம்' எழுத்துக்கு உரிய தொகுதி மட்டும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகம் மட்டும். முதல் இரண்டு பாகம் இல்லாமல் அதைத் தொடங்கினால் யார் யாரைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றே புரியவில்லை. மீதி எல்லாம் நீதிக்கதை. சிங்கமும் முயலும், காக்கையும் நரியும், மறுபடி சிங்கமும் முயலும்.

இராமபாணப் பூச்சி மட்டும் எல்லாத் தட்டையும் பாகுபாடு இல்லாமல் படித்திருந்தது.

நான் சொல்ல வருவது, புத்தகம் குறைவு என்பதல்ல. 212 என்பது நம்ம மாதிரி ஊருக்குக் கம்மி இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட, நமக்கு எது பிடிக்கும், நமக்கு எது வேண்டும் என்று நினைத்து யாரும் வாங்கவில்லை என்பதுதான் என் குறை. எங்கேயோ மூட்டை கட்டினார்கள், இங்கே வந்து இறங்கியது, ரிஜிஸ்டரில் எண் போட்டார்கள், பீரோவைப் பூட்டினார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் இலையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் வைத்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அப்படி.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம்ம பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து புத்தகம் வாங்கப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். இது பிரேயரில் சொன்ன செய்திதான், ரகசியம் இல்லை. பெரம்பலூரில் 2012இலேயே புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டது. 2022க்குப் பிறகு எல்லா மாவட்டத்திலும் அரசே நடத்துகிறது. அடுத்த திருவிழாவில் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கப் போகிறார்கள். பட்டியல் தயாராகிறதாம். பத்தாம் வகுப்புக்குப் பயன்படும் மாதிரி இலக்கணம், கணிதப் பயிற்சி, பொது அறிவு, திருக்குறள் உரை என்று காதில் விழுந்தது. திருக்குறள் உரை ஏற்கெனவே ஆறு இருக்கிறது. எண்ணியவள் சொல்கிறேன்.

நம்ம வயசுக்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பன்னிரண்டு வயசு வரைக்கும் அணில், முயல், யானை. அதுக்கப்புறம் நேராக ஐந்து பாகம் நாவல். நடுவில் என்ன? பதிமூன்று, பதினாலு, பதினைந்து வயசுக்கு ஒன்றுமே இல்லை. நம்மைப் பெரியவர்கள் பேசும் பேச்சும் அப்படித்தான். "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்று ஒரு திட்டு. அடுத்த நிமிஷமே "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை?" என்று இன்னொரு திட்டு. பீரோவும் நம்மை அப்படியே நடத்துகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2022இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் 'தேன்சிட்டு' இதழ் கொண்டு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்'. 2023இல் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னப் புத்தகமாக அச்சிட்டார்கள். 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிக்கும் திறனுக்கு ஏற்ற மாதிரி பிரித்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர்களே பிடித்திருந்தது. ஆனா நம்ம பையன்கள் என்ன செய்தார்கள்? ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன் 'நட' எடுத்தான் என்று மூன்று நாள் அவனை 'நடராஜா' என்று கூப்பிட்டார்கள். அதுக்கப்புறம் அவன் புத்தகத்தையே தொடவில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் நம்ம வகுப்பில் இருக்கிறார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, கொரோனா சமயத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது அவர்கள் வீட்டில் போனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது எழுத்து பெரிதாக, வரி கம்மியாக, ஆனால் விஷயம் பதினாலு வயசுக்கு ஏற்ற மாதிரி இருக்கும் புத்தகம். முயல் கதையை அவன் கையில் கொடுத்தால் அவனுக்கு அவமானம், கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தால் பயம். படக்கதை சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்க அப்பா முடிவெட்டும் கடையில் ராணி காமிக்ஸும் அம்புலிமாமாவும் பார்த்துத்தான் வேகமாக வாசிக்கப் பழகினாராம். அவை இரண்டும் நின்றுபோய்விட்டன. ஆனா சிவகாசியிலிருந்து லயன், முத்து காமிக்ஸ் வருகிறதே. படக்கதை வாங்கினால் பள்ளிக்கூடத்தின் மரியாதை குறைந்துவிடுமா?

அடுத்தது நம்ம ஊர் விஷயம். நம்ம பீரோவில் பெங்குவின் பற்றி இரண்டு புத்தகம் இருக்கிறது. நல்லதுதான், பெங்குவினும் வாழட்டும். ஆனா குன்னம், காரைப் பக்கம் ஓடையில் நாம் பொறுக்குகிற நத்தை மாதிரி சுருண்ட கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அது அம்மோனைட் என்னும் கடல் உயிரி. அது வாழ்ந்த காலத்தில் நம்ம பெரம்பலூர், அரியலூர் பகுதி கடலாக இருந்தது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, வயசு சுமார் 12 கோடி வருஷம். வாரணவாசியில் அதுக்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கிறார்களே, அதுவும் அந்தப் பழைய கடல் விட்டுவிட்டுப் போனதுதான். லாரி போகும் புழுதியைத் தினமும் சாப்பிடுகிற நமக்கு, அந்தப் புழுதி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு புத்தகம் வேண்டாமா? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டூர் போனோம். திரும்பி வந்து இராஜேந்திர சோழனைப் பற்றிப் படிக்கலாம் என்று பீரோவைப் பார்த்தால், சிங்கமும் முயலும்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்று ஒரு கதைப் புத்தகம். யெஸ். பாலபாரதி எழுதியது. 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது வாங்கியது. ஒரு சிறுமிக்குத் தெரிந்தவர் ஒருவரால் தொல்லை வருகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறாள். ஒரு மரப்பாச்சி பொம்மை அவளுக்குப் பேச்சுத் துணையாக இருந்து தைரியம் கொடுக்கிறது. அவ்வளவுதான் கதை. அசிங்கமாக ஒரு வார்த்தை கிடையாது. என் பெரியம்மா மகள் அரியலூரில் வாங்கி எனக்குக் கொடுத்தாள். நான் படித்துவிட்டு வகுப்பில் கொடுத்தேன். கை மாறி கை மாறி எட்டு பேர் படித்தார்கள்.

ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். யார் என்று எழுதவில்லை. பின் அட்டையை மட்டும் படித்தார். "இதெல்லாம் பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற கதையா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். நானும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எதிர்த்துப் பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை, நம்ம மேல் அக்கறை உள்ளவர்தான். இந்த மாதிரி விஷயம் காதில் விழாமல் இருந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று நம்புகிறார். பலபேர் வீட்டில் அப்படித்தான் நம்புகிறார்கள்.

ஆனால் அந்த எட்டு பேரில் ஒருத்தி புத்தகத்தை இரண்டு வாரம் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் கழித்து, அவள் தினமும் வருகிற ஒரு வழியை மாற்றிவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நான் என்ன என்று கேட்கவில்லை. அவள் எந்த வகுப்பு, எந்த ஊர் என்று நீங்களும் கேட்காதீர்கள். கண்டுபிடிக்க முடியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவள் அம்மாவிடம் சொல்ல எத்தனை நாள் ஆனதோ தெரியாது. 1098 என்ற எண் நம்ம பள்ளிச் சுவரில்தான் இருக்கிறது, அதைத் தினமும் தாண்டித்தான் போகிறோம். சுவரில் இருந்த எண்ணால் முடியாதது ஒரு கதையால் முடிந்திருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன், பெண் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள், முதலில் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்திருக்க வேண்டாமா? நம்ம தமிழ் டீச்சர் கேட்டு வாங்கி ஒரே ராத்திரியில் படித்தார். பீரோவில் வைக்கலாமா டீச்சர் என்று கேட்டேன். "யோசிக்கணும்மா" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். டீச்சர், கோபித்துக்கொள்ளாதீங்க.

நூலகம் என்றாலே எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரை எல்லோரும் எழுதுவோம். 1892இல் சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், ஆகஸ்டு 12 நூலகர் நாள். இதோடு நிறுத்திவிடுவோம். 1931இல் அவர் ஐந்து விதிகள் எழுதினார். அதை என் வார்த்தையில் சொன்னால், புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்க. படிக்க வருகிற ஒவ்வொருத்தருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் இருக்கவேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைத் தேடுகிற ஆள் கிடைக்கவேண்டும். நம்ம பீரோவில் இந்த மூன்றும் இல்லை. மீதி இரண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார், ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி ஊர் ஊராகப் போயிருக்கிறது. நம்ம பீரோ தாழ்வாரத்தைத் தாண்டவில்லை.

சிலபேர் கேட்பீர்கள், பள்ளியில் இல்லாவிட்டால் ஊர் நூலகத்துக்குப் போகவேண்டியதுதானே என்று. போனேனே. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006இலிருந்து ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். எங்க ஊரிலும் இருக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, தெருவிளக்கு பல்பு, ஒரு பழைய மோட்டார். சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். போன வருஷம் அப்பா வீட்டு வரி கட்டிவிட்டு வந்த ரசீதைப் பார்த்தேன். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி. நூறு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்து ரூபாய் நூலகத்துக்கு. எங்க அப்பா மக்காச்சோளம் போட்டு, மழை ஏமாற்றி, கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் அதுவும் சேர்த்தி. "நம்மளும் புத்தகத்துக்குக் காசு குடுக்கறோமா?" என்று அவருக்கே ஆச்சரியம்.

எங்க அப்பாயியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முடியாது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் சின்ன வெங்காயம் ஆயும்போது நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். முதலில் பள்ளியில் கிடைத்த நீதிக்கதை படித்தேன். இரண்டு கதை கேட்டது. மூன்றாவது கதையில் "இது ஊருக்கு உபதேசம், வேற வெச்சிருக்கியா?" என்றது. அப்புறம் 'டோட்டோ-சான்' படித்தேன். ஜப்பானில் ரயில் பெட்டியில் நடந்த பள்ளிக்கூடத்தின் கதை, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டது. குறும்பு பண்ணியதால் ஒரு பள்ளியிலிருந்து நீக்கி அனுப்பிய பெண்ணை, இன்னொரு பள்ளியின் தலைமை ஆசிரியர் உட்கார வைத்து அவள் பேச்சை மணிக்கணக்காகக் கேட்கிறார். அந்த இடம் வந்ததும் அப்பாயி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டது. "என்னை அப்படி யாராச்சும் கேட்டிருந்தா நானும் படிச்சிருப்பேன்" என்றது. படிக்கத் தெரியாத அப்பாயிக்கே தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிகிறது. நமக்குத் தெரியாதா?

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். எல்லாத்தையும் நம்மிடம் விட்டால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பையன்கள் பத்தாயிரத்துக்கும் காமிக்ஸ் வாங்குவார்கள். நாங்கள் கோலப் புத்தகமும் மெகந்தி டிசைனும் வாங்கினாலும் வாங்குவோம். புத்தகம் தொலையும், கிழியும். போன வருஷம் நானே ஒன்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன், இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. தொலைந்த புத்தகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை என்றால், இருக்கிற புத்தகத்தையும் யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? பத்தாம் வகுப்பு வரப்போகிறது, மார்க் முக்கியம், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா கைடு வாங்க எப்படியாவது வீட்டில் காசு கொடுப்பார்கள். கதைப் புத்தகம் வாங்க ஒரு வீட்டிலும் கொடுக்கமாட்டார்கள். அதுக்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும்.

அதனால் ஹெச்.எம். சாரிடம் என் வேண்டுகோள் இதுதான். பத்தாயிரத்தில் ஐயாயிரத்துக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கட்டும், ஐயாயிரத்துக்கு நாங்கள். வகுப்புக்கு இரண்டு பேரைப் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள், நன்றாகப் படிக்கிறவர் ஒருத்தர், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் ஒருத்தர். முதல் ஆளை மட்டும் கூட்டிப் போனால் மறுபடியும் அதே கதைதான் நடக்கும். கடையிலேயே அந்த இரண்டாவது ஆள் ஒரு பக்கம் படித்துப் பார்க்கட்டும். அவன் பக்கத்தைத் திருப்பினால் வாங்குங்கள். மூடி வைத்தால் விட்டுவிடுங்கள். எதாவது புத்தகம் வேண்டாம் என்று பெரியவர்கள் நினைத்தால் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் முழுசாகப் படித்துவிட்டு, ஏன் என்று எங்களிடம் காரணம் சொல்லவேண்டும். பீரோ சாவி மதியம் சாப்பாட்டு மணியிலிருந்து அடுத்த மணி வரைக்கும் மாணவர் ஒருவர் கையில் இருக்கட்டும். முதல் மாதம் வேண்டுமானால் நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ்ஸில் விட்ட புத்தகத்துக்குப் பதிலாக.

ஒரு நாற்பது பக்க நோட்டில் 'எனக்கு வேண்டிய புத்தகம்' என்று எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். புத்தகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எதைப் பற்றி என்று எழுதினால் போதும். எழுத வராத தம்பி தங்கைகள் படம் வரையலாம். பெயர் போடவேண்டாம். இதுவரைக்கும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் 'பேய்க் கதை, நிஜமாவே பயமா இருக்கணும்'. ஒருத்தர் 'பைக் ரிப்பேர் பண்றது எப்படி'. மூன்றாவது ஒரு படம், டைனோசரா ஆடா என்று தெரியவில்லை, வரைந்தவர் வந்து சொல்லவும்.

பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு